படத்தில் தெரிந்த வெள்ளை

மனைவி: கதவைத் திறங்க! இப்பத் திறக்கலைன்னா உடைச்சிடுவேன்!

கணவன்: அடியே, சோப்பு போட்டுட்டு நிக்கிறேன்! குளிக்கிற ரூம் கதவை இப்படியா இடிப்பாங்க? வீடு பத்திக்கிச்சா?

மனைவி: உங்க ஸ்கேன் ரிப்போர்ட் வந்திருக்கு.

கணவன்: கம்பெனி எடுக்கச் சொன்னதா? நல்லா இருக்குன்னு போட்டிருப்பான்.

மனைவி: டாக்டரே போன் பண்ணாருங்க. இதயத்துக்கு ரத்தம் போற குழாய்ல சுண்ணாம்பு படிஞ்சு கெட்டிப்பட்டுப் போச்சாம். படத்துல எலும்பு மாதிரி வெள்ளை வெளேர்னு தெரியுதாம்.

கணவன்: ...என்னது? இரு, இதோ வர்றேன்.

தம்பி: என்ன அண்ணி சத்தம்? தெருமுனை வரைக்கும் கேக்குது!

மனைவி: ஓடி முடிச்சு வந்துட்டீங்களா தம்பி? உங்க அண்ணன் நெஞ்சு லட்சணத்தைக் கேளுங்க. சுண்ணாம்பு அளவு சைபர் இருக்க வேண்டிய இடத்துல அறுநூத்திப் பன்னண்டாம்!

தம்பி: அறுநூ... ஸ்கேன்லயா?

கணவன்: இருக்காதுடி! யாரோடதையோ மாத்திக் குடுத்திருப்பான்.

மனைவி: நானும் கேட்டேன். பேரு, வயசு, கம்பெனி நம்பர், அத்தனையும் உங்களுது. ஏன் இருக்காது? நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதுறீங்க. உங்கப்பா நாற்பத்தெட்டு வயசுலயே நெஞ்சு வலியில போய்ச் சேர்ந்தாரு. நீங்க வேலையில கிரேன் ஓட்டிக்கிட்டு இருக்கும்போது மயங்கி விழுந்தா என்ன ஆகும்? உங்க தம்பியும் அதே வயித்துல பொறந்தவருதானே, ஒரு சிகரெட் தொட்டிருக்காரா?

தம்பி: அண்ணி... தினம் ஓடுறவங்களுக்குக் கூட இது வருமாமா?

மனைவி: பரம்பரையில இருந்தா வருமாம். நிறைய பேருக்கு வலியே இருக்காதாம், படம் எடுத்தாத்தான் தெரியுமாம். சிலருக்கு வேகமா நடந்தா இடது தோள் இழுக்குமாம். இழுக்குதாங்க?

கணவன்: எனக்கு இல்ல... டேய், நீ ஏன்டா தோளைத் தேய்க்கிற?

தம்பி: சும்மாண்ணே... ஓடினதுல பிடிச்சுக்கிச்சு.

மனைவி: அவர் தோளு இப்ப ரொம்ப முக்கியம்! சட்டையை மாட்டுங்க. உடனே வைத்தியம் ஆரம்பிச்சா பயமில்லையாம். தள்ளிப்போட்டாத்தான் ஆபத்தாம்.

தம்பி: போய்ட்டு வாங்க அண்ணி. டாக்டர் என்ன மாத்திரை எழுதுறார்னு... எனக்கும் சொல்லுங்க. நான் இன்னொரு ரவுண்டு ஓடிட்டு...

கணவன்: ஓடாதடா! உக்காரு!

மனைவி: அவர்கிட்ட ஏங்க கத்துறீங்க?

கணவன்: அவனை உக்காரச் சொல்லு. முகத்தைப் பாரு, எப்படி வேர்த்திருக்கு...

தம்பி: அண்ணே, வாயைத் திறக்காத. நான் தனியா வேற டாக்டரைப் பாத்துக்கிறேன். உன் வேலை போயிடும்ணே!

மனைவி: எதுக்கு வாயைத் திறக்கக் கூடாது? ரெண்டு பேரும் என்ன மறைக்கிறீங்க?

கணவன்: வேலை போனாப் போகட்டும்... அப்பா மாதிரி எனக்கும் ஏதாவது இருக்குன்னு ஸ்கேன் காட்டிக் குடுத்துடுமோன்னு பயந்து, என் கம்பெனி அட்டையைக் குடுத்து அந்த மெஷின்ல இவனைத்தான்டி படுக்க வெச்சேன்!