முதல்ல எதை மாத்தணும்?

— பானட்டைத் தொறக்காதீங்க பாய். மொதல்ல சொல்லுங்க, எதுல ஆரம்பிக்கணும்?

— தொறக்காமயே சொல்லணுமா? நான் மெக்கானிக்கும்மா, ஜோசியக்காரன் இல்ல.

— ஜியாவுதீன் பாய் வண்டியப் பாத்தாலே சொல்லிடுவாருன்னு மந்தாரக்குப்பமே சொல்லுது.

— மந்தாரக்குப்பமாவது... டீக்கடைல ரெண்டு பேரு சொல்லியிருப்பான். சரி, வண்டி யாரோடது?

— என்னோடதுதான்.

— நீங்களே ஓட்டுவீங்களா?

— ஏன், பொம்பள ஓட்டக்கூடாதா?

— ஐயோ, அப்பிடிச் சொல்லலம்மா. எங்க வூட்டுப் பொண்ணு ஃபௌசியாவே என்னை ஸ்கூட்டில பின்னாடி வச்சிகினு போவுது. இது இருவது வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே கதவு, தரையோட தரையா ஒக்காரணும். ஆசப்பட்டு வாங்குறவங்கதான் இத வச்சிருப்பாங்க. அதான் கேட்டேன்.

— ஆசப்பட்டுதான் வாங்கினேன். பண்ருட்டில ஒருத்தர்கிட்ட.

— பண்ருட்டில... சரி. பேரு?

— தனம்.

— தனம். உம்... டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் செவப்பு வேறயா இருக்குதே?

— பெயின்டர் சரியா கலக்கல போல. வாங்கும்போதே அப்பிடித்தான் இருந்துச்சு.

— உம்...

— என்ன பாய், கதவையே தடவிகினு நிக்கிறீங்க? கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. வேகம் ஏத்தணும். மொதல்ல இன்ஜினா, சைலன்சரா, டயரா?

— பிரேக்கு.

— நான் அதச் சொல்லவே இல்லியே.

— நீங்க சொல்லல. நான் சொல்றேன். மொதல்ல பிரேக்கு, அப்புறம் டயரு. இன்ஜின் எல்லாத்துக்கும் கடைசி.

— பிரேக்க மாத்துனா வண்டி வேகமாப் போவுமா?

— போவாது. நிக்கும்.

— நிக்கிறதுக்கா ஸ்போர்ட்ஸ் கார் வாங்குறாங்க?

— அம்மா, அந்தக் காலத்து பிரேக் டிஸ்க்கு. தேஞ்சு அப்பளமாட்டம் ஆயிருக்கும். அது மேல இன்ஜினையும் ஏத்திகினு நூத்தி இருவதுல போறீங்க, எதிர்ல நெலக்கரி லாரி வருது. என்ன பண்ணுவீங்க?

— ஹாரன் அடிப்பேன்.

— வெளையாடாதீங்கம்மா.

— சரி... வெளையாடல. இத எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களா?

— எத?

— மொதல்ல பிரேக்குன்னு.

— எல்லார்கிட்டயும்தான்.

— வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும்? ஒருத்தர விடாம?

— என்னம்மா, கோர்ட்டுல வக்கீல் கேக்குறாப்ல கேக்குறீங்க?

— பதில் சொல்லுங்க பாய். பொங்கல் சமயத்துல ஒருத்தர் வந்திருந்தா... அவர்கிட்டயும் சொல்லியிருப்பீங்களா?

— டீ சாப்பிடுறீங்களா?

— வேணாம்.

— இன்னிக்கு வெள்ளிக்கிழம. ஜும்மாவுக்குக் கடைய சாத்திடுவேன். நீங்க சாயங்காலமா வந்து...

— பாங்கு சொல்ல இன்னும் அரை மணி நேரம் இருக்கு. எனக்குத் தெரியும். கேட்டுகினுதான் வந்தேன்.

— ... நீங்க தனம் இல்ல. இந்த பானட்டுக்குக் கீழ இருக்குற இன்ஜின் ஹெட்டு நான் கழட்டி மாட்டினது. சைலன்சர் பைப்புல பித்தளை கிளாம்ப் இருக்கும், குனிஞ்சு பாருங்க. இந்த ஊர்ல வேற எவனும் பித்தளை போட மாட்டான். வண்டி முக்கு திரும்பும்போதே சத்தத்துல தெரிஞ்சு போச்சு. நீங்க பொற்கொடிதான?

— ... எப்பிடி?

— இங்க ஒக்காந்துகினு அக்கா, அக்கான்னு ஒங்க தம்பி பேசாத நாளே இல்ல. அதே மூக்கு வேற.

— தெரிஞ்சிகினுதான் இவ்ளோ நேரம் பேசுனீங்களா?

— பேரு மாத்திச் சொன்னது யாரு? இந்த பிரேக்க வச்சிகினா மைன்ஸ் குவார்ட்டர்ஸ்லேருந்து ஓட்டிகினு வந்த? ஒனக்குப் பைத்தியமா?

— முப்பதுக்கு மேல போவல. போலீஸ் ஸ்டேஷன்ல வெயில்லயும் மழையிலயும் கெடந்துச்சு பாய். எழுதிக் குடுத்து எடுத்து, கதவ மட்டும் மாத்தினேன். அந்தக் கதவ என்னால பாக்க முடியல.

— கம்மாபுரம் ரோட்டுல அவன் வண்டி மோதுன புளியமரத்துப் பக்கமே நான் போறதில்லம்மா. சுத்திகினுதான் போறேன்.

— அது உங்க கஷ்டம். இப்ப நேராவே கேக்குறேன். எங்க நெடுமாறன்கிட்ட என்ன சொன்னீங்க?

— விடும்மா. ஆனது ஆயிடுச்சு.

— விட மாட்டேன். எட்டு மாசமா எனக்குத் தூக்கமில்ல. இன்ஜின மொதல்ல பண்ணுன்னு நீங்கதான சொன்னீங்க? வண்டி சத்தம் போட்டுகினு போனா நாலு பேரு எந்தக் கடைன்னு கேப்பான், அதுக்காகத்தான சொன்னீங்க? ஆமான்னு சொல்லுங்க. போலீசுக்குப் போவ மாட்டேன், கூட்டம் கூட்ட மாட்டேன். ஆமா, நான்தான் சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க பாய். போதும்.

— சொன்னா ஒனக்குத் தூக்கம் வருமா?

— வரும்.

— ... அப்ப நான்தான் சொன்னேன்னு வச்சிக்க.

— வச்சிக்கன்னா?

— வச்சிக்கம்மா. வூட்டுக்குப் போ.

— எனக்கு வேண்டியது அது இல்ல பாய். தொழுவப் போற மனுஷன் நீங்க. நெசத்தச் சொல்லுங்க.

— ... அந்த அலமாரில, மேல் தட்டுல, ஒரு அட்டப்பெட்டி இருக்கு பாரு. எடு. எடும்மா.

— கனமா இருக்கு.

— பிரிக்கவே இல்ல. பிரேக்குக்கு ரெண்டு டிஸ்க்கு, நாலு பேடு. மேல எழுதியிருக்கறதப் படி.

— நெடுமாறன்... மைன்ஸ்...

— வந்த அன்னிக்கே பிரேக்குன்னுதான் சொன்னேன். மூணு வாட்டி சொன்னேன். அவனுக்கு நான் சொல்லித் தரணுமா? மைன்ஸ்ல டம்பர் லாரிக்கு பிரேக் பாக்குற பையன். 'நான் பாத்துட்டு கையக் காட்டாம ஷிப்டுல ஒரு டம்பரும் நகராது பாய்'னு இதே ஸ்டூல்ல ஒக்காந்து பீத்திக்குவான். சரி, பிரேக்கே பண்ணுங்கன்னான். சென்னைக்குப் போன் போட்டு வரவழச்சேன்.

— அப்புறம் ஏன் மாட்டல?

— பெட்டி வந்த அன்னிக்கு சாயங்காலமே வந்தான். பொங்கல் லீவுல ஒரு வேலதான் முடியும், அது இன்ஜினா இருக்கட்டும், பிரேக்க அடுத்த லீவுல பாத்துக்கலாம்னான்.

— ஏன்னு கேக்கலியா?

— கேட்டேன். சிரிச்சான். வூட்டுல கேட்டேன் பாய், அவங்க சொல்றதும் சரிதான்னு தோணுச்சுன்னான். முடியாது, எடுத்துகினு போடான்னு அவன நான் தொரத்தியிருக்கணும். தொரத்தல. நானும்தான் அவனக் கொன்னேன், அத மறைக்க மாட்டேன். தெனமும் அந்தப் பெட்டி மொகத்துலதான் முழிக்கிறேன்.

— வூட்டுல... யாரக் கேட்டான்னு சொன்னானா?

— சொல்லல. நானும் கேட்டுக்கல. பொற்கொடி? பெட்டிய ஏம்மா இப்பிடி அணைச்சுகினு நிக்கிற... கீழ வையி. ஸ்டூல்ல ஒக்காரு. தண்ணி குடி.

— சாப்பிட்டுகினு இருந்தான் பாய்.

— யாரு?

— 'அக்கா, பிரேக்கா, இன்ஜினா? நீ சொல்றதத்தான் செய்வேன்'னான். ரெண்டாவது தோசையப் போட்டுகினே சொன்னேன்... நாள் பூரா பிரேக்கோடவே கெடக்குற, ஒன் வண்டிக்கும் அதுதானாடா, சத்தம் வர்றாப்ல எதாச்சும் பண்ணு, நம்ம பிளாக்குல நாலு பேரு எட்டிப் பாக்கட்டும்னு... நான்தான் பாய் சொன்னேன்.