என் மெஷின்ல ஓடுதே

...இல்ல மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க, கோளாறு உங்க லேப்டாப்லதான். நாலு நாளா அதையேதான சொல்லிட்டிருக்கேன். கதவ எப்பத் தொறக்கணும், எப்ப மூடணும்னு உங்க கம்பெனி லிஃப்டுக்குச் சொல்ற புரோகிராம் எங்களுது. அத சோர்ஸ் கோடோட, அதாவது நாங்க எழுதின மூல வரிகளோட வாங்கறீங்க, நாளைக்கு நாங்க இருந்தாலும் இல்லாட்டியும் அந்த வரிகள உங்க எடத்துல நீங்களே பில்டு பண்ணி ஓடற புரோகிராமா ஆக்கிக்கலாம்னு. நியாயம்தான். ஆனா ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு... சேச்சே, உங்கள சொல்லல, பொதுவா சொன்னேன்.

கோவமில்ல மேடம், வருத்தம். சாயங்காலத்துக்குள்ள அந்த ஒப்புதல் தாள்ல நீங்க கையெழுத்துப் போடலைன்னா எங்க செக்‌ஷனையே மூடிடுவேன்னுட்டார் மேனேஜர். ஆறு பேர் இருக்கோம். அவர் சொன்ன விதம் இருக்கே... டீ ஆறிப்போச்சுங்கற மாதிரி சொல்றார்.

எங்க, எரரக் காட்டுங்க. அதான, அதே வரி. புரோகிராம் ஒரு செட்டிங்ல பில்டு ஆகியிருக்கு, அதுகூட சேர்ற துணைக் கோடு, லைப்ரரி, வேற செட்டிங்ல ஆகியிருக்கு, ரெண்டும் ஒட்டாதுங்குது. நெலைய ஒரு ஆசாரி அளந்தான், கதவ இன்னொருத்தன் அளந்தான், அந்தக் கதை. நான் எழுதின கையேட்டப் படிச்சீங்களா? நாப்பத்திரெண்டு பக்கம். முன்னுரையே மூணு பக்கம், அதுல அடிக்குறிப்பு வேற. பதினேழாம் பக்கம் பாருங்க, 'மற்ற செட்டிங்குகளை வழக்கம்போல் வைத்துக்கொள்ளவும்.' இதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படித் தெளிவா எழுதறது?

யாரோட வழக்கமா...? எங்க வீட்டுலயும் இப்படித்தான் குறுக்குக் கேள்வி. சக்கரை டப்பாவ நான் மூடினா வேற யாராலயும் தொறக்க முடியலையாம். ஓரத்துல ஒரு தட்டுத் தட்டித் திருப்பினா வந்துடும், எனக்கு வருதே. மச்சான் வந்திருந்தப்ப அரைமணி மல்லுக்கட்டிட்டு, அத்தான் வேணும்னே பண்றார்னு அவர் அக்காகிட்டப் புகார். மூடிமேல என்ன தப்பு, சொல்லுங்க. சரி, பேச்சு எங்கயோ போயிடுச்சு.

இப்ப என் மெஷின்ல பில்டு பண்ணிக் காட்றேன். பாருங்க... பச்சை. மூணு வருஷமா ஒரு நாள்கூட செவப்பு வந்ததில்ல. வேற என்ன சாட்சி வேணும்?

என்னது, இதே மெஷின்ல வேற பேர்ல புதுசா ஒரு யூசர் போட்டு, அதுல பண்ணணுமா? அதே மெஷின், அதே கோடு, என்னத்த மாறிடப்போகுது... சரி, கேட்டுட்டீங்க.

...

செவப்பு.

இருங்க, இருங்க. எவனோ கை வெச்சிருக்கான். போன மாசம் வேலைய விட்டுப் போனான் ஒரு தாடிக்காரன், அவனாத்தான் இருக்கும். பில்டு பண்றப்பல்லாம் எச்சரிக்கை வருது, எச்சரிக்கை வருதுன்னு உயிர வாங்குவான். தொந்தரவு தாங்காம எச்சரிக்கையே வராம நான்தான் அணைச்சு வெச்சேன். இதோ, மாட்டிக்கிச்சு பாருங்க. என் ஃபோல்டருக்குள்ள ஒரு செட்டிங் ஃபைல் ஒளிஞ்சு கெடக்கு. என் பேர்ல பில்டு பண்ணினா மட்டும் இதுதான் சத்தமில்லாம ரெண்டையும் ஒட்ட வெச்சிருக்கு. உள்ள குறிப்பு வேற, 'தற்காலிகம், வெள்ளிக்கிழமை எடுத்துவிடவும்'னு. என்ன அலட்சியம் பாத்தீங்களா. இவனையெல்லாம்...

தேதி மூணு வருஷத்துக்கு முந்தினதா இருக்கு. தாடிக்காரன் சேந்ததே போன வருஷம்.

இந்த மெஷின் அப்பவும் என்கிட்டதான் இருந்துச்சு.

சரி, யார் வெச்சா என்ன மேடம், அதையா இப்ப ஆராயறது. கோளாறு தெரிஞ்சு போச்சில்ல? அந்த ஃபைல அழிச்சுடறேன். அழிச்சாச்சு. திரும்ப என் பேர்லயே பில்டு பண்றேன்... ம். இங்கயும் செவப்பு.

நல்லதாப் போச்சு. உங்க லேப்டாப்லயும் ஓடலை, என் மெஷின்லயும் ஓடலை. இப்ப ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கெடையாது. 'செட்டிங் வேறுபாடு நீக்கப்பட்டது'ன்னு தாள்ல ஒரு வரி எழுதிட்டு, கீழ நீங்க ஒரு கையெழுத்து...

மேடம்? மேனேஜர் ரூமுக்கா? மேடம்... பேனாவ விட்டுட்டுப் போறீங்களே.