தொட்டுட்டுப் போறேன்

கெங்கம்மாள்: ...சோப்பு வேற போட்டா தொடைக்கிறே?

சடையப்பன்: பிளேனு கண்ணாடியில பூச்சி அடிச்சி ஒட்டிக்கினு கீதுடி. பச்சத் தண்ணிக்கு போவ மாட்டேங்குது.

கெங்கம்மாள்: அது நான் குளிக்க வச்சிருந்த சோப்பு.

சடையப்பன்: ஓரத்துல ரவ கிள்ளி எடுத்தேன். அதுக்குப் போயி...

கெங்கம்மாள்: என் மூஞ்சிய ஒரு நாளாச்சும் இப்டி தொடச்சி உட்டுக்கிறியா?

சடையப்பன்: உன் மூஞ்சியில இன்னா பூச்சியா அடிக்குது?

கெங்கம்மாள்: பேசு, பேசு. சந்திரகலாம்மா பிளேன ஓட்டியாந்து எறக்கிட்டு, ஜீப்புல ஏறி அவங்க அண்ணன் ஃபேக்டரிக்கு போனதுலருந்து பாத்துக்கினுதான் கீறேன். பிளேன சுத்தி சுத்தி வரே. றெக்கைய தடவறே. கட்டுன கவுற இழுத்து இழுத்து பாக்கறே. நம்ம மாட்ட என்னிக்காச்சும் இப்டி கட்டிக்கிறியா? போன வாரம் அவுத்துக்கினு போயி அடுத்தவன் கொல்லையில மேஞ்சிட்டு வந்துச்சு.

சடையப்பன்: மாடு பறக்காது. காத்து அடிச்சா இது கவுந்துடும்.

கெங்கம்மாள்: சரி, அந்த சட்டை இன்னாத்துக்கு?

சடையப்பன்: எந்த சட்டை?

கெங்கம்மாள்: உடம்புல போட்டுக்கினு கீறியே, அதான். நம்ம கண்ணாலத்துக்கு எங்க நைனா எடுத்த சட்டை. பொங்கலுக்கு போடுன்னா போட மாட்டே. மூஞ்சி வேற பளபளன்னு கீது. ஷேவிங்கா?

சடையப்பன்: ரன்வே வாட்ச்மேன்னா நீட்டா இருக்க வாணாவா?

கெங்கம்மாள்: போன ஞாயித்துக்கெழம டாக்டரு சாலமோன் தன் பிளேன்ல வந்தாரே. அப்ப கோவணத்தோடதானே போயி நின்னே?

சடையப்பன்: அவுரு சொல்லாம கொள்ளாம வந்து எறங்கிட்டாரு...

கெங்கம்மாள்: ஓகோ. இந்தம்மா உன்னாண்ட சொல்லிட்டு வருது.

சடையப்பன்: பேஜாரு பண்ணாத கெங்கா. வேல கீது.

கெங்கம்மாள்: நான் பேஜாரா? என் ரெண்டு காதாலயும் கேட்டேன்யா.

சடையப்பன்: இன்னாத்த?

கெங்கம்மாள்: காலையில. நான் கெணத்தாண்ட நின்னுக்கினு இருந்தேன். அந்தம்மா உன்னாண்ட சொல்லுது... "சடையப்பா, இன்னிக்கி நாலு தடவ தொட்டுட்டுப் போறேன், நீ பாத்துக்கிட்டே நில்லு"ன்னு.

சடையப்பன்: ஹா...

கெங்கம்மாள்: சிரிக்காத! நீயும் "ஆவட்டும்மா, தாராளமா"ன்னு பல்ல இளிக்கிறே. தாராளமாவாம்!

சடையப்பன்: அடியே, இரு... இரு. சிரிச்சி சிரிச்சி சோப்புத் தண்ணி கண்ணுல பட்டுடுச்சி.

கெங்கம்மாள்: நல்லா படட்டும்.

சடையப்பன்: தொடறது என்னிய இல்லடி, தரைய. பிளேனு கீழ வரும். சக்கரம் தரையத் தொடும். நிக்காம அப்டியே ஓடி மறுபடியும் மேல போயிடும். எறங்கிப் பழகறதுக்கு அப்டி பண்ணுவாங்க. அதுக்குப் பேருதான் தொட்டுட்டுப் போறது.

கெங்கம்மாள்: ...சக்கரமா?

சடையப்பன்: சக்கரந்தான்.

கெங்கம்மாள்: தரையையா?

சடையப்பன்: பின்ன என்னியவா?

கெங்கம்மாள்: அப்ப நீ இன்னாத்துக்கு பாத்துக்கினு நிக்கணும்?

சடையப்பன்: ஆடு மாடு குறுக்க பூந்துடக் கூடாதே. நம்மூரு ஆட்டுக்கு ரன்வேன்னா இன்னான்னு தெரியுமா?

கெங்கம்மாள்: எனுக்கு ஒண்ணு புரியல மாமா. பழகணும்னா மீனம்பாக்கம் இல்ல? அம்மாம் பெரிய எடம். சிமிட்டித் தரை, லைட்டு, காப்பிக் கடை. அத்த உட்டுட்டு, சண்டைக் காலத்துல வெள்ளக்காரன் போட்டுட்டு ஓடிப்போன இந்த கட்டாந்தரைக்கி இன்னாத்துக்கு வரணும்? இங்க இன்னா கீது, உன்னிய தவுர?

சடையப்பன்: அதான் உனுக்கு தெரியாது. அங்க பெரிய பிளேனு வந்துட்டா இந்த குட்டிப் பிளேன மேலயே சுத்திக்கினு இருன்னுடுவாங்களாம். கண்ணாலத்துக்கு வந்த ஏழ சொந்தக்காரன் மாறி கடைசிப் பந்திதான். இங்க வந்தா எப்பவும் இதான் மொதப் பந்தி.

கெங்கம்மாள்: அதுக்கு நீ எல போட்டுக்கினு நிக்கிறே.

சடையப்பன்: நிக்கிறேன். இன்னா இப்போ? ரன்வேக்கு ரெண்டு கோடியிலயும் பாரு. மரம் இல்ல, கம்பி இல்ல. எறங்கறவங்களுக்கு அதான்டி சொர்க்கம். கரண்டு ஆபீஸ்காரங்க அந்தாண்ட கம்பம் நட வந்தப்ப குழியில எறங்கி குந்திக்கினது யாரு? நானு.

கெங்கம்மாள்: அந்தக் கம்பம் நட்டிருந்தா நம்ம ஊட்டுக்கு லைட்டு வந்திருக்கும். அந்தம்மாவுக்கு கம்பி இல்லாத வானம் வேணும்னு நான் மண்ணெண்ண வெளக்குல மீனு கழுவிக்கினு கீறேன்.

சடையப்பன்: அத்த வேற பக்கமா கொண்டாந்து குடுக்கறேன்னு சொல்லிக்கிறாங்கடி.

கெங்கம்மாள்: சொல்லுவாங்க, சொல்லுவாங்க. வேற இன்னா கீது சொர்க்கத்துல?

சடையப்பன்: பெட்ரோலு. டிரம்முல ரவ தண்ணி எறங்கி இருந்தாலும் மேல போயி இன்ஜினு நின்னுடும். நான் மெல்லிசு ஆட்டுத் தோலுல ஊத்தி, சொட்டு சொட்டா வடிகட்டி குடுக்கறேன். "உன் பெட்ரோல்னா கண்ண மூடிக்கிட்டு ஊத்துவேன் சடையப்பா"ன்னுச்சு அந்தம்மா.

கெங்கம்மாள்: ஊட்டுல கொடத்துத் தண்ணியில புழு நெளியுது. அத்த வடிகட்டத்தான் ஆளு இல்ல.

சடையப்பன்: அப்பால அந்தக் காத்துப் பை. கம்பத்து மேல தொங்குது பாரு. காத்து எந்தப் பக்கம்னு மேலருந்து அத்தப் பாத்துத்தான் எறங்கணும். கிழிஞ்சிருந்தா போச்சி. நம்முளுது ஒரு நாளு கிழிஞ்சி தொங்கனது இல்ல.

கெங்கம்மாள்: தெச்சது யாரு?

சடையப்பன்: ...நீதான்.

கெங்கம்மாள்: எந்தத் துணியில?

சடையப்பன்: உன் பாவாடத் துணியில. அத்தயும் அவங்களாண்ட சொன்னேனே.

கெங்கம்மாள்: சொன்னியா? மெய்யாலுமா? இன்னா சொன்னாங்க?

சடையப்பன்: இல்ல... சொல்லணும்னு இருந்தேன்.

கெங்கம்மாள்: பாத்தியா! பாவாட என்னுது, பேரு உன்னுது.

சடையப்பன்: நான் சொல்றத முழுசா கேளு. இதெல்லாத்தியும் உட அந்தம்மாவுக்கு புடிச்சது இன்னா தெரியுமா? "மீனம்பாக்கத்துல எறங்குனா ஃபாரம் எங்கன்னு கேப்பாங்க. இங்க எறங்குனா சாப்ட்டியான்னு கேக்க நீ இருக்கே"ன்னுச்சு.

கெங்கம்மாள்: அப்டியா சொல்லிச்சு.

சடையப்பன்: ஆமா. எனுக்கு கண்ணே கலங்கிடுச்சி.

கெங்கம்மாள்: என்னிய நீ அப்டி கேட்டு எத்தினி நாளாச்சி மாமா?

சடையப்பன்: ...நீ சாப்ட்டியா?

கெங்கம்மாள்: வாணாம் போ. இப்ப கேட்டா அது அந்தம்மா மிச்சம் வச்ச சோறு.

சடையப்பன்: உனுக்கு இன்னாடி ஆச்சி இன்னிக்கி? எப்பவும் இப்டி பேச மாட்டியே. சரி, நானும் ஒண்ணு சொல்லிடறேன். அப்பால நீயே கேட்டு சண்டைக்கு வருவே.

கெங்கம்மாள்: இன்னா?

சடையப்பன்: சாயந்தரம் கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு சுத்து மேல கூட்டிக்கினு போங்கம்மான்னு கேக்கப் போறேன்.

கெங்கம்மாள்: வாணாம்.

சடையப்பன்: இன்னாத்துக்கு வாணாம்?

கெங்கம்மாள்: வாணாம்னா வாணாம். உள்ள இருக்கறது ரெண்டே சீட்டு. தோளோட தோளு இடிக்கும்.

சடையப்பன்: உனுக்கு எப்டி தெரியும்?

கெங்கம்மாள்: இங்கருந்து பாத்தாலே தெரியுதே. அதுவும் இல்லாம உனுக்கு ஒத்துக்காது. காதுல பஞ்சு வச்சாலும் டமடமன்னு மண்டைக்குள்ள அடிக்கும். பெட்ரோலு நாத்தம் வவுத்தப் பொரட்டும். கெழக்கால திரும்பறப்போ அப்டியே ஒரு பக்கமா சாயும் பாரு... பழவேற்காடு ஏரி மொத்தமும் உன் மடியில வந்து ஊத்திடறாப்ல இருக்கும்.

சடையப்பன்: ...மடியிலயா?

கெங்கம்மாள்: அ... இருக்குமாம். சொன்னாங்க.

சடையப்பன்: யாரு?

கெங்கம்மாள்: யாரோ. கவரைப்பேட்டை ஸ்டேஷனாண்ட பேசிக்கினாங்க.

சடையப்பன்: கவரைப்பேட்டை ஸ்டேஷனாண்ட பூ விக்கறவங்க பிளேன்ல போறாங்களா?

கெங்கம்மாள்: அத்த உடு. மொதல்ல நம்ம கூரைய பாரு. மேலண்ட மூலையில ஓல மொத்தமா போயி இம்மாம் பெரிய பொத்தல். நீ கீழ குந்திக்கினு எங்க ஒழுவுது, எங்க ஒழுவுதுன்னு தேடிக்கினு கீறே.

சடையப்பன்: மேலண்ட மூலைய சுத்தி பூசணிக் கொடி மண்டிக்கினு கீது. ஏணி வச்சி ஏறனப்ப எனுக்கே தெரியல; நேரா மேலருந்து பாத்தாத்தான் தெரியும். கெங்கா. இப்டி திரும்பு. என்னியப் பாத்து சொல்லு.

கெங்கம்மாள்: தை அமாவாசைக்கி நீ ஊர்ல இல்ல...

சடையப்பன்: திருவள்ளூரு போயிருந்தேன். வீரராகவரு கொளத்துல வெல்லம் கரைக்க.

கெங்கம்மாள்: முட்டி வலி போவணும்னு போனே. அன்னிக்கின்னு பாத்து அந்தம்மா வந்துட்டாங்க. மேலயே சுத்தறாங்க, கீழ ஆடு மேயுது. இன்னா பண்றது? நான்தான் வெரட்டனேன். ஓடிப் போயி றெக்கையப் புடிச்சேன். நீ பண்றாப்லயே சக்கரத்துக்கு கட்ட வச்சேன். "ஏறு கெங்கம்மா"ன்னாங்க...

சடையப்பன்: ஏறிட்டியா?

கெங்கம்மாள்: ஏறிட்டேன்.

சடையப்பன்: ஏறிட்டே!

கெங்கம்மாள்: ஒரே ஒரு சுத்துதான் மாமா.

சடையப்பன்: எத்தினி வருசமா நான் பிளேனு மூக்குல கீற காத்தாடிய கையால சுத்தி உட்டுக்கினு கீறேன்! கை போனாலும் போவும் அந்த வேலையில. வெயில்ல றெக்கையப் புடிச்சிக்கினு நாய் மாறி ஓடறவன் நானு. நீ ஒரே ஒரு நாளு ஆட்ட வெரட்டிட்டு மேல போயி குந்திக்கினியா?

கெங்கம்மாள்: கூப்ட்டாங்க, போனேன்.

சடையப்பன்: என்னிய கூப்டலியே!

கெங்கம்மாள்: பொய் சொல்லாத. உன்னிய எத்தினியோ தபா கூப்ட்டாங்களாம். ஒவ்வொரு தபாவும் முட்டி வலிக்குதும்மான்னு சொல்லிட்டியாம். அவங்கதான் சொன்னாங்க. இன்னா மாமா... இப்ப வலிக்குதா? காலு நீட்டிக்கறியா?

சடையப்பன்: முட்டியில வலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

கெங்கம்மாள்: பின்ன?

சடையப்பன்: பயம்.

கெங்கம்மாள்: ஐய...

சடையப்பன்: நீயே சிரிக்கறே பாத்தியா. போன வருசம் மனுசன் நெலாவுலயே காலு வச்சிட்டு வந்துட்டான். பிளேன காவல் காக்கறவன் பிளேனுக்கு பயப்படறான்னு யாராண்ட போயி சொல்லுவேன்? சக்கரம் தரைய உட்டு எழும்பறப்பல்லாம் நான் இங்க கீழயே கம்பத்தப் புடிச்சிக்குவேன்.

கெங்கம்மாள்: நான் சிரிக்கல மாமா. மெய்யாலுமே சிரிக்கல.

சடையப்பன்: அதான் திருவள்ளூரு போனேன். நோவு எதுவானாலும் வெல்லத்தோட கரையும்ங்கறாங்க. பயம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி, உன்னாண்ட முட்டின்னு சொல்லிட்டேன். கொளத்துல எறங்கி, கண்ண மூடிக்கினு, சாமி இந்த பயத்த எடுத்துடுன்னு கரைச்சேன்டி.

கெங்கம்மாள்: நீ அங்க கரைச்சிக்கினு இருந்த நேரத்துல... நான் இங்க...

சடையப்பன்: சொல்லாத. வவுறு எரியுது... ஆமா, எப்டி இருந்துச்சி?

கெங்கம்மாள்: இன்னா?

சடையப்பன்: மேல.

கெங்கம்மாள்: இப்பதான் சொல்லாதன்னே.

சடையப்பன்: சொல்லித் தொல.

கெங்கம்மாள்: மொதல்ல பயமாத்தான் இருந்துச்சி. அப்பால கண்ணத் தொறந்தேன். ரயிலு மரவட்ட மாறி போயிக்கினு இருந்துச்சி. கும்மிடிப்பூண்டி ரோடு, புதுசா கட்டற ஃபேக்டரி, நம்ம ஊடு... எதுவுமே பெருசா இல்ல. கடலு பக்கத்துலயே கீது மாமா. இம்மாங் கிட்ட கடல வச்சிக்கினு நான் பாத்ததே இல்ல. யார் மேலயும் கோவமே வர்ல. உன் மேல கூட வர்ல.

சடையப்பன்: அடிப்பாவி. ஒரு வார்த்த சொல்லாம இத்தினி நாளா வாயில வச்சி மென்னுக்கினு இருந்தியே.

கெங்கம்மாள்: சொன்னா நீ மூஞ்சிய இப்டி வச்சிக்குவேன்னு தெரியும்.

சடையப்பன்: சரி, போனது போவட்டும். இப்ப எனுக்கு பயம் இல்ல. நெஞ்சத் தொட்டுப் பாரு, நிதானமா அடிக்குது. தோ... தூசி பறக்குது பாரு, ஜீப்பு வந்துடுச்சி. எறங்குனவொடனே கேட்டுடறேன்.

கெங்கம்மாள்: கேக்காத மாமா.

சடையப்பன்: இன்னும் இன்னாடி? அந்தம்மாவோட நான் ஒரு சுத்து போயிட்டு வந்தா உனுக்கு இன்னா கொறஞ்சிடும்? அவங்க மேல இன்னுமா சந்தேகப்படறே?

கெங்கம்மாள்: அவங்க மேல எனுக்கு இன்னாய்யா சந்தேகம்? அது தங்கமான பொம்பள. சட்டையும் ஷேவிங்கும் பாத்ததுமே நீ மேல போவ கேக்கப் போறேன்னு புரிஞ்சிடுச்சி. காலையிலருந்து உன்னியப் பாத்துத்தான் எரிஞ்சிக்கினு கீறேன்... சண்ட போட்டாலாச்சும் கேக்காம உட்டுடுவியோன்னு பாத்தேன். அவங்க பக்கத்துல இருக்கறது ஒத்த சீட்டு மாமா. இன்னிக்கி சாயந்தரம் நான் வரேன்னு போன வாரமே அவங்களாண்ட சொல்லி வச்சிட்டேன்.