ஆர்வில், எழுந்து நில்லு

காப்பிக்கு நன்றி, ஹோபர்ட். எனக்குச் சர்க்கரை ஆகாது என்பதை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். ஷெரீப் ஆனபிறகு இதெல்லாம் மறந்துபோயிருக்கும் என்று நினைத்தேன்.

எழுதிக்கொள்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கற்பனை கிடையாது. மேடையேறி ஊரைச் சிரிக்க வைக்கிறவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் உங்கள் வீட்டில் இருக்கிறதே என் முதல் இசைத்தட்டு, அதில் உள்ள ஆறு கதைகளும் நடந்தவை. நான்கு பாட்டுகளும் நடந்ததை வைத்துக் கட்டியவை. எல்லாவற்றையும் செய்தவன் என் தம்பி ஆர்வில். தேனீப் பெட்டியைப் பிக்கப் வண்டியின் முன் இருக்கையில் வைத்து, குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மலை இறங்கியவன் அவன்தான். கடைவாய்ப் பல்லில் மீன்பிடி நூலைக் கட்டி, மறுமுனையை நாயின் கழுத்தில் கட்டிவிட்டு, அது முயலைப் பார்க்கட்டும் என்று அரை நாள் வாசற்படியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தவனும் அவன்தான். ‘கதவைக் கட்டக் கம்பி உண்டு, கம்பியைக் கட்ட ஒன்றுமில்லை’ என்ற பாட்டு அவனுடைய அந்த வண்டியைப் பற்றியது. உங்கள் மனைவிக்கு அது பிடிக்கும் என்று ஒருமுறை சொன்னீர்கள்.

நம் மலைப்பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவனை வைத்து மேடையில் கதை சொன்னால் அவன் அந்தக் கூடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது புறம்பேசுவது. ஆகவே கதை முடிந்ததும் நான், “ஆர்வில், எழுந்து நில்லு” என்பேன். அவன் பின் வரிசையில் எழுந்து தொப்பியைக் கழற்றி, “எங்கண்ணன் சொன்னதுல பாதிதான் நிஜம். மீதி இதைவிட மோசம்” என்பான். கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பார்கள். இசைத்தட்டில் அதுவும் இருக்கிறது. நேர்மையாகச் சொன்னால், என் கதைகளைவிட அந்த ஒரு வரிக்குத்தான் சிரிப்பு அதிகம். அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தட்டு நன்றாக விற்றது. நான் தீவனக் கடை வேலையை விட்டேன். நாஷ்விலிலிருந்து, இசைத்தட்டு வெளியிடுகிற ப்ரிட்சர்ட் இரண்டாவது தட்டு கேட்டார். அப்போதுதான் சிக்கல் ஆரம்பித்தது. ஆர்வில் கவனமாக இருக்கத் தொடங்கிவிட்டான்.

ஆர்வில் மனைவி வெர்னா ஒருநாள் என் வீட்டுக்கு வந்து அடுக்களையில் நின்றபடியே சொன்னாள். “மரமில்லுல இவரைப் பார்த்தா எல்லாரும் தேனீ மாதிரி ‘உய்ங்’னு சத்தம் போடறாங்க, ராய்ஸ். சர்ச்சுல சின்னப் பசங்ககூட. ஏப்ரல்ல எனக்குக் குழந்தை பொறக்கப் போகுது. அதுக்கும் ‘உய்ங்’னு ஒரு பேரு வைக்கணுமா? ஒரு ரெக்கார்டு போதும்.”

நியாயமான பேச்சுதான். நான் மறுக்கவில்லை. ஆர்விலிடம் கேட்டபோது அவன், “அவ கெடக்கறா, விடுண்ணே. உன் பொழைப்பு அது” என்றான். ஆனாலும் வண்டிக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டான். மருந்துப் புட்டியின் சீட்டைப் படித்துவிட்டுத்தான் கோழிக்கு மருந்து கொடுத்தான். மூன்று மாதம் அவனுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. மூன்று மாதமும் நான் நோட்டுப் புத்தகத்தோடு அவன் பின்னாலேயே போனேன்.

ஆகவே நான் கொஞ்சம் உதவி செய்தேன். கோழிக் கொட்டகை ஏணியின் நான்காவது படியை அடிப்பக்கம் அறுத்து வைத்தேன். கொஞ்சம்தான். கணுக்கால் முறிந்து ஆறு வாரம் படுத்திருந்தான், ஐந்து நிமிடக் கதை கிடைத்தது. மாட்டு வேலியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டேன் என்று அவனிடம் சொன்னேன். அதில் ஒரு கதையும் ஒரு பாட்டும் வந்தன. நடந்ததைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை. நடப்பதற்கு வழி செய்யக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ப்ரிட்சர்ட் கடிதம் போட்டார். ஏற்கெனவே மிச்சமிருந்தவற்றோடு சேர்த்து ஒன்பது உருப்படி தேறிவிட்டன, கடைசிக் கதை மட்டும் வேண்டும், தட்டைக் கேட்டு முடித்தவன் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டுச் சொல்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். பதிவு மார்ச் இரண்டாவது சனிக்கிழமை, பக்கத்துக் கவுன்ட்டி உயர்நிலைப் பள்ளிக் கூடத்தில். மாலையில் அங்கே பிங்கோ ஆட்டம் என்பதால் மதியம் இரண்டு மணிக்கே ஆரம்பம்.

அன்று காலை ஆர்விலை எங்கள் அப்பாவின் பழைய வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கிணற்றுக்குள் ஒரு கல் தட்டு இருக்கிறது, அதில் அப்பா ஒளித்து வைத்த சோளச் சாராயம் இரண்டு ஜாடி இருக்கிறது என்று சொன்னேன். கிணற்றை மூடியிருந்த பலகைகளை இருவரும்தான் எடுத்தோம். கயிற்றை வண்டியின் பம்பரில் அவனே கட்டினான். இரண்டு முடிச்சுப் போட்டு, காலை ஊன்றி இழுத்துப் பார்த்தான். அவ்வளவு கவனம் வந்திருந்தது அவனுக்கு. அவன் அடிக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் முடிச்சுகளை அவிழ்த்துக் கயிற்றை உள்ளே விட்டேன். நான் அவனைத் தள்ளவில்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

“அண்ணே, கயிறு கீழ வந்துடுச்சு” என்றான்.

“தெரியும்.”

“இங்க ஜாடியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.”

“அதுவும் தெரியும்.”

கயிற்றைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “கதைக்கா?” என்று கேட்டான்.

“கடைசிக் கதைக்கு” என்றேன்.

“முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு காலுறை போட்டுட்டு வந்திருப்பேன்ல? தண்ணி இடுப்பு வரைக்கும் இருக்கு. ஐஸாட்டம்.”

கிணற்று விளிம்பில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டேன். அவன் பேசிக்கொண்டே இருந்தான். இங்கே ஒரு தவளை இருக்கிறது, என்னைவிட அதற்கு வசதி என்றான். வெர்னா தேடினால் அவசரமாக ஆழமான யோசனையில் இறங்கிவிட்டேன் என்று சொல்லச் சொன்னான். நன்றாகத்தான் பேசினான். எனக்காகத்தான் பேசினான் என்று அப்போதே தெரியும்.

“இது போதுமாண்ணே?” என்று கேட்டான்.

“இன்னும் கொஞ்சம் பேசு” என்றேன்.

பன்னிரண்டரைக்கு மேல் அவனுக்குத் தாடை நடுங்கி வார்த்தை சரியாக வரவில்லை. எழுத ஒன்றும் இல்லை. வேறு கயிறு வேண்டுமானால் தீவனக் கடைக்குப் போக வேண்டும். போய்வந்தால் இரண்டு மணிக்கு மேடையில் இருக்க முடியாது. நாலு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று குனிந்து சொன்னேன்.

அவன் மெதுவாகத்தான் சொன்னான். “நான் வரலேன்னா கடைசில யாருண்ணே எழுந்து நிப்பா?”

நல்ல கேள்வி. முப்பது மைலும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். கூடத்து வாசலில் இறங்கும்போது விடை கிடைத்துவிட்டது.

பதிவை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒரு வார்த்தையைக்கூட நான் மாற்றவில்லை. சாராய ஜாடி, இரண்டு முடிச்சு, காலுறை, தவளை எல்லாம் வரிசையாக வந்தன. கதையை முடித்து, “ஆர்வில், எழுந்து நில்லு” என்றேன். அறுநூறு பேரும் பின்னால் திரும்பினார்கள். மனத்துக்குள் மூன்று எண்ணினேன். பிறகு சொன்னேன், “எப்படி நிப்பான்? அவன் இன்னும் கிணத்துலதான் இருக்கான்.”

அந்த மாதிரிச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை, ஹோபர்ட். ஒரு கிழவர் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெர்னா சர்ச்சுப் பெண்களோடு மூன்றாவது வரிசையில் இருந்தாள். ஆர்வில் என்னோடு வருவதாகத்தான் அவளுக்கு ஏற்பாடு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கேயாவது ஒளிந்திருப்பான் என்று பின்வரிசையில் தேடினாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

நிகழ்ச்சி மூன்றே முக்காலுக்கு முடிந்தது. ஒலிநாடாவில் இரைச்சல் கேட்டதால் காலிக் கூடத்தில் இரண்டு பாட்டை மறுபடி பாடினோம் என்று உங்கள் உதவியாளரிடம் சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். இரைச்சல் ஒன்றும் இல்லை. மறுபடி பாடலாம் என்று கேட்டது நான்தான். ப்ரிட்சர்ட் தேவையில்லை என்றார். ஐந்து மணி வரை பாடினேன். இரண்டும் நன்றாக வந்தன.

ஆறு மணிக்கு நான் கிணற்றடிக்குப் போனபோது அவன் பதில் சொல்லவில்லை. விளக்கைக் காட்டிப் பார்த்தேன். பலகைகளைப் பழையபடி வைத்து மூடினேன். டாக்டர் நாலு, நாலரை வரை உயிர் இருந்திருக்கும் என்கிறாராம். இருக்கலாம்.

ஏன் நாலு மணிக்கே போகவில்லை என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். யோசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். அவன் மேலே வந்துவிட்டால் அடுத்த ஊரில் எழுந்து நிற்பான். தொப்பியைக் கழற்றி அந்த வரியைச் சொல்வான். அவன் எழுந்து நின்றால் இந்தக் கதைக்கு முடிவு இல்லை. அவன் கேட்டானே, இது போதுமா என்று, அதற்கு நான் உண்மையாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று சாப்பாட்டுக்கு வெர்னா வீட்டுக்குப் போனேன். பீன்ஸும் சோள ரொட்டியும் செய்திருந்தாள். அவன் தட்டையும் வைத்திருந்தாள்.

“அவர் எங்க, ராய்ஸ்?” என்றாள்.

“மேடையிலதான் சொன்னேனே, வெர்னா.”

சிரித்தாள். “போதும், நிகழ்ச்சி முடிஞ்சுடுச்சு. எந்தக் கூட்டாளி வீட்டுல உக்காந்திருக்கார்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்து அடுப்புக்குள் சூடாக வைத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அதே கேள்வி, அதே பதில். அப்போது பாதிதான் சிரித்தாள். திங்கட்கிழமை காலை அவள் சிரிக்கவில்லை. உங்களுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

எனக்குத் துக்கம் வரவில்லை. வரும் என்று நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்துப் போடத் தயார். ஏணி, வேலி, கிணறு மூன்றுக்கும் போடுகிறேன். என் தம்பியைக் கொன்றேன் என்று நீங்கள் எழுதியிருக்கிற வரிக்கும் போடுகிறேன். ஒளித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அறுநூறு பேருக்கு முன்னால், ஒலிவாங்கியில், அவன் எங்கே இருக்கிறான் என்று சத்தமாகச் சொன்னேன். அப்போது அவனுக்கு உயிர் இருந்தது. கூடத்தில் ஒருத்தராவது எழுந்திருக்கலாம்.