டெக்சஸில் ஒரு சாம்பிராணிச் சட்டி

"ஹலோ... வைதேகி? ஹலோ... ஆ, கேக்குது, கேக்குது, சொல்லு. கரண்ட் வந்துச்சா?... இன்னும் வரலையா? ரெண்டு நாளா என்னதான் பண்றாங்க... ம்... ம்... மைனஸ் பதினெட்டா? இங்க நியூஸ்லயும் அதையேதான் காட்டுறாங்க லா. டெக்சஸ்ல இப்படி ஒரு குளிரைப் பாத்ததே இல்லன்னு."

பிள்ளை பெற்றவர்களுக்கு உடம்பு பிடித்துவிட்டுக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவது லீலாவின் தொழில். சிங்கப்பூரில், தேக்கா சந்தைக்கு மேலே உள்ள அடுக்குமாடியில், பிள்ளை பெற்றிருந்த சுஷ்மிதாவின் வீட்டில், கைக்குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கவைத்துவிட்டு, சாம்பிராணிச் சட்டியில் கரியை ஊதிக்கொண்டிருந்தபோதுதான் தங்கையின் போன் வந்தது. முதுகெல்லாம் வியர்வை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"ரமணன் எங்க?... இன்னும் ஆபீஸ்லயேவா? ரோடெல்லாம் ஐஸா... சரி சரி, வராம இருக்கறதே நல்லது... வாசக்கதவும் தொறக்க வரலையா? ஐஸ் புடிச்சிருச்சா... பயப்படாத. காலைல நான் சொன்னபடி செஞ்சியா?... ஆமா, ஆமா... ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டிட்டியா? கதவு இடுக்குல துண்டு?... சமத்து. சட்டில கரி மூட்டினியா?... பார்பிக்யூ கரியா, போதும் போதும். கதகதன்னு இருக்கா?... பாத்தியா, அக்கா சொன்னா கேக்கணும்."

தங்கையின் பிரசவத்துக்குப் போக விசா கிடைக்காமல் போனதில் லீலாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. தனக்குப் பதிலாகச் சாம்பிராணி போட ஒரு மண்சட்டியையாவது அனுப்புவோம் என்று துணியில் சுற்றிப் பார்சல் போட்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு குழந்தைக்கும் தன் கைப்பக்குவம் தப்பியதில்லை என்ற பெருமை வேறு.

"தலை வலிக்குதா? ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்ட... வாந்தியா? எத்தனை தடவை?... வருண் என்ன பண்றான்?... தூங்கறானா, தூங்கட்டும்... பாலுக்குக்கூட எழுந்திரிக்கலையா? எவ்ளோ நேரமா?"

புகை கண்ணைக் கரிக்கிறது என்று முனகியபடி சுஷ்மிதா வந்து ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டுப் போனாள். லீலா அந்த ஜன்னலையே பார்த்தாள். பொங்கோலோ பாசிர் ரிஸோ, அவள் கரி மூட்டிய வீடு ஒன்றிலாவது ஜன்னல் சாத்தியிருந்ததில்லை. எல்லாவற்றையும் அடைக்கச் சொன்னது தங்கையிடம் மட்டும்தான்.

"வைதேகி, நான் சொல்றதை மட்டும் கேளு. டேப்பைப் பிச்சு ஜன்னலைத் தொற... குளிரட்டும்டி, குளிரட்டும். மூடின ரூம்ல கரி விஷம். நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்... அப்புறம் திட்டு, இப்ப எழுந்திரு... கால் துவளுதா? தவழ்ந்து போ... பிச்சியா?... இழு... இன்னும் இழு... வருணை ஜன்னல்கிட்ட தூக்கு... வைதேகி?... பேசுடி..."

முதலில் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு மெலிசாக ஒரு அழுகை. லீலா சட்டென்று சுஷ்மிதாவின் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். அது தூங்கிக்கொண்டிருந்தது.

"அழறான்டி... அழட்டும், விடு... சட்டியை ஜன்னல் வழியா வெளிய ஐஸ்ல தூக்கிப் போடு. போட்டுட்டு உடனே 911க்கு அடி... என்னது? பேட்டரி ரெண்டு பெர்சென்டா? அப்புறம் ஏன்டி என்கிட்ட பேசிட்டிருக்க, வையி... பயமாத்தான்டி இருக்கும். எனக்கும்தான்... வைக்க மாட்டியா?... சரி. அப்ப நான் வைக்கறேன்."

அக்கா, அக்கா என்று தங்கை கூப்பிடுவது காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே லீலா போனை வைத்தாள்.