புதைத்தவர்கள் இருந்தார்கள்

ஓடுகிறோம். தை மாதம். இன்னும் வெயில் ஏறவில்லை. அப்பா முன்னால் சைக்கிளை உருட்டுகிறார். பின்னால் கேரியரில் அரிசி மூட்டை. மூட்டைமேல் தம்பி. அம்மாவின் தலையில் சுருட்டிய தறப்பாள், கூடாரம் போடுகிற தார்ப்பாய். அதுதான் அன்றைக்கு எங்கள் வீடு. என் கையில் ஒரு வாளி. வாளிக்குள் கேத்தில், இரண்டு கோப்பை, பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகம்.

முதலில் "டும்". தூரத்தில். அது ஷெல் புறப்படும் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்காது. அந்த இடைவெளியில்தான் உயிர் போய் வரும். பிறகு சேலையைக் கிழிப்பதுபோல ஓர் இழுவை. பிறகு நிலம் தூக்கிப் போடும்.

"குனி! குனி!"

"வாய்க்காலுக்க விழுங்கோ! எல்லாரும் விழுங்கோ!"

விழுந்தோம். மண் மழையாகக் கொட்டியது. காதுக்குள் ஒரே இரைச்சல். எழும்பிப் பார்த்தேன். அப்பா தம்பியைத் தன் உடம்பால் மூடியபடி கிடந்தார். இரண்டு பேரும் எழும்பவில்லை. அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பின்னால் வந்த சனம் எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடியது. அடக்கம் செய்யவில்லை. செய்ய விடவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை.

அது வன்னி. அப்போது எனக்குப் பதினாறு வயது. இப்போது நானும் அம்மாவும் பொழிச்சலூரில் இருக்கிறோம். முகாமில் இருந்து, பிறகு படகேறி வந்தவர்கள். இங்கே மொட்டை மாடியை உரசிக்கொண்டு விமானம் இறங்கும். முதலில் விசில்போல. பிறகு தகரத்தை உலுக்குவதுபோல. வந்த புதிதில் ஒவ்வொரு விமானத்துக்கும் கட்டிலுக்கு அடியில் போனேன். இப்போது போவதில்லை. மாடியில் துணி காயப்போட்டபடி நிமிர்ந்து முறைக்கிறேன். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது, தினமும் நான்தான் அவர்களைப் பெரிய மனசு பண்ணி இறக்கி விடுகிறேன் என்று.

இதையெல்லாம் எழுத வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. போன மாதம் ஊரப்பாக்கத்தில் ஒரு சொல் என் வாயில் வைக்கப்பட்டது. அதைத் துப்பினேன். அதனால் எழுதுகிறேன்.

என் வேலை குரல் கொடுப்பது. ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், இரண்டாவது மாடியில் ஒரு சின்ன ஸ்டுடியோ. சுவர் முழுக்கப் பழைய மெத்தை அடித்த அறை. கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் வராது. அப்படிப்பட்ட அறையில் மூச்சைப் பிடித்து உட்காருவது எனக்குக் கைவந்த கலை. ஊரில் ஷெல்லுக்குப் பதுங்கிய பங்கர் குழியில் படித்தது. ஸ்டுடியோ தினேஷுடையது. அந்த ஊரிலேயே பிறந்தவர். தாத்தா காலத்து வயலை மனை போட்டு விற்று, மிச்ச இடத்தில் கட்டிய கட்டடம். என்னைவிட வயதில் சிறியவர். நல்ல மனிதர். சம்பளத்தைத் தள்ளிப் போட்டதே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்குப் பாலு. கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பைக்கில் வருவான்.

பள்ளிப் பிள்ளைகள் காதால் கேட்டுப் படிக்கிற பாடம். அமெரிக்கா உருவான கதை. இங்கிலாந்துக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கியதில் தொடங்கி அரசாங்கம் அமைத்தது வரை. முதல் பாடத்தைத் திருத்தி எழுதுகிறேன் என்று தினேஷ் ஒத்திப் போட்டதால், மற்ற எல்லாவற்றையும் முதலில் பதிவு செய்தோம்.

விரும்பித்தான் படித்தேன். வரி கேட்கிறாய், எங்களுக்கு வாக்கு எங்கே என்று ராஜாவைக் கேட்டவர்களை எனக்குப் பிடிக்கும். நானும் சோப்பு வாங்கினால் வரி கட்டுகிறேன். எனக்கும் வாக்கு இல்லை. தேயிலையைக் கடலில் கொட்டிய இடம் வந்தபோது சிரித்துவிட்டேன். பாலு இரண்டு முறை நிறுத்த வேண்டியதாயிற்று. பங்கருக்குள் இதே பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது, என் வகுப்புத் தோழி நளாயினி கேட்டாள், "அவ்வளவு தேயிலையையும் கொட்டினா மீனுகள் இரவில நித்திரை கொள்ளாதே?" வெளியே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கடைசிப் பாடம் அரசியல் சட்டம். மக்கள் தொகையை எண்ணி, அதற்கு ஏற்பப் பிரதிநிதிகள். அடிமைகளில் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணினார்கள். வரி கட்டாத பூர்வகுடிகளை எண்ணவே இல்லை. படிக்கும்போது வயிறு எரிந்தது. ஆனால் தினேஷ் அதை மறைக்காமல் எழுதியிருந்தார். நடந்ததை நடந்தபடி சொல்ல என் வாயை யாரும் எடுத்துக்கொள்ளலாம். படித்துக் கொடுத்தேன்.

பிறகு முதல் பாடம் வந்தது. பிற்பகல். வெளியே ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் ஹாரன். கதவைச் சாத்தினார்கள். படிக்கத் தொடங்கினேன்.

"குளிர்காலம் நெருங்கியது. கையிருப்பு உணவு குறைந்தது. கடற்கரை மேட்டில் ஓரிடத்தில், மணல் புதிதாகக் கையால் தட்டி மூடப்பட்டிருந்தது. தோண்டினார்கள். அதிர்ஷ்டவசமாக, ஆளில்லாத அந்த நிலத்தில் கூடை நிறைய மக்காச்சோளம் கிடைத்தது."

நிறுத்தினேன்.

கையால் தட்டி மூடிய மண். அதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கைகளில் இரண்டு என்னுடையவை.

ஊரை விட்டு வெளிக்கிட முந்திய நாள். வன்னியில் எல்லாரும் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். தூக்க முடியாததைப் புதைத்தோம். கிணற்றடிக்குப் பின்னால் அப்பா ஆழமாகக் குழி, எங்கள் பேச்சில் கிடங்கு, வெட்டினார். நெல்லை நீலப் பீப்பாய்களில் கொட்டி மூடி இறக்கினோம். அம்மாவின் தையல் மெஷினை எண்ணெய் பூசி, பொலித்தீனில் சுற்றி இறக்கினோம். அந்த மெஷினில்தான் அவள் தன் கல்யாணச் சேலை உட்பட எல்லாச் சேலைகளையும் பைகளாகத் தைத்தாள். அந்தப் பைகளில் மண் நிரப்பித்தான் பங்கருக்கு அடுக்கினோம். மண்ணைத் தள்ளி, நானும் தம்பியும் கையால் தட்டி மூடினோம். அவனுக்கு அது விளையாட்டு.

அப்பா ஒரு பிழை செய்தார். திரும்பி வரும்போது இடம் தெரியவேண்டும் என்று மேலே ஒரு வேப்பங்கன்றை நட்டார். எங்கள் ஊரில் பாதிப் பேர் இதைச் செய்தார்கள். சனம் இல்லாத வீட்டு வளவு. கிளறிய மண். அதில் புதுக் கன்று. திருடன் வருகிறான் என்று வாசலில் நாமே கோலம் போட்டு வைத்த மாதிரி.

முகாமிலிருந்து விட்ட பிறகு அம்மா ஒருமுறை போய்ப் பார்த்தாள். கிடங்கு திறந்து கிடந்தது. கன்றைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவன் தனக்குத் தெரிந்த தமிழில் சிரித்தபடி சொன்னானாம்: "நல்ல லக். நிலத்தில நெல்." கோபமாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகச் சொன்னான் என்று அம்மா சொன்னாள். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

கதவு திறந்தது. தினேஷ் வந்தார்.

"அக்கா, ஏன் நிறுத்திட்டீங்க? டேக் சூப்பரா போயிட்டிருந்துது."

"கிடைத்தது இல்லை. எடுத்தார்கள்."

"ஓகே, எடுத்தாங்கன்னே படிங்க. அது மாத்திக்கலாம்."

"அதிர்ஷ்டவசமாக? ஆளில்லாத நிலம்?"

"அந்த டைம்ல அங்க யாரும் இல்லதானே அக்கா? பசங்களுக்குக் கதை ஸ்மூத்தா போகணும். அப்புறம் அவங்க அந்தச் சோளத்துக்குப் பணம் குடுத்துட்டாங்க. நான் படிச்சிருக்கேன்."

உண்மைதான். நானும் படித்திருக்கிறேன். பிறகு ஈடு கொடுத்தார்கள். அந்தச் சோளத்தில் ஒரு பங்கை விதைத்துத்தான் அடுத்த வருஷம் பிழைத்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் தினேஷ் பழக்கிக் கொடுத்த சென்னைப் பேச்சு போய்விடும். சொந்தப் பேச்சு வந்துவிடும். வந்தது.

"குடுத்ததையும் எழுதுங்கோ தினேஷ். ஆருக்குக் குடுத்தவை? ஆளில்லாத நிலத்துக்கோ?"

பாலு மைக்கில் குரல் கொடுத்தான்.

"அக்கா, ஒரே லைன்தான கீது. படிச்சுட்டுப் போய்கினே இரு. இன்னாத்துக்கு பேஜாரு?"

அவனுக்கு என்மேல் அக்கறை. வாடகை வீடு, அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை, எல்லாம் தெரிந்தவன். ஒரு வரிதான். படித்தால் மாதம் ஓடும். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளியதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைத்து, அதை என் குரலில் பிள்ளைகள் காதில் ஊற்ற வேண்டுமாம். மணலில் கைத்தடம் இருந்தது என்று தினேஷே எழுதியிருக்கிறார். அடுத்த வரியில் ஆளில்லை என்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

"நான் வாசிக்க மாட்டன்" என்றேன்.

தினேஷ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அக்கா, எங்க குடும்பமும் நிலத்தை விட்டதுதான். எனக்கும் புரியும்."

"நீங்கள் வித்தனீங்கள். விலை பேசி, கையெழுத்துப் போட்டு. காலி மனை எண்டு பலகை வைச்சீங்கள். இங்க முந்தி ஒருத்தரும் இருக்கேல்லை எண்டு எழுதியிருந்தா உங்கட அப்பா விட்டிருப்பாரோ?"

சிரித்துவிட்டார். "கல்லெடுத்து அடிச்சிருப்பாரு." பிறகு சிரிப்பு நின்றது. தரையைப் பார்த்தார். "ஸ்கிரிப்டைக் காசு கொடுக்கிறவங்க ஓகே பண்ணிட்டாங்க அக்கா. 'கிடைத்தது'ங்கிறதை 'எடுத்தார்கள்'னு மாத்தலாம், கண்டுக்க மாட்டாங்க. மத்தது முடியாது. நாளைக்குள்ள போகணும். நீங்க படிக்கலைன்னா வேற வாய்ஸ்தான். அப்புறம் இந்த சீரிஸ் முழுக்க அந்த வாய்ஸ்லயே எடுத்துடுவாங்க. உங்களுக்கும் இனிமே அங்கேருந்து வேலை வராது."

மிரட்டவில்லை. நிலவரம் சொன்னார். எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. பயம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அந்தப் பயத்தோடுதான் ஹெட்போனை மாட்டினேன். பாலு கட்டை விரலைக் காட்டினான். நான் படிக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"மண்ணுக்குள் கூடைகளில் சோளம் இருந்தது. அதைப் புதைத்தவர்கள் இருந்தார்கள். திரும்பி வந்து எடுப்போம் என்று புதைத்தார்கள். கப்பலில் வந்தவர்கள் தோண்டி எடுத்தார்கள்."

ஒரே டேக். திக்கவில்லை. பாலு விளக்கை அணைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது போகாது அக்கா" என்றார் தினேஷ். மெதுவாகத்தான் சொன்னார்.

"போகாட்டிப் பரவாயில்லை. சொல்லியாச்சு."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பல்லாவரம் வரை ரயில். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். மாத்திரைக்கு என்ன செய்வோம் என்று அவள் கேட்கவில்லை. "அந்த லக் எண்ட சொல்லை நீயும் சொல்லியிருந்தா, நான் உன்னோட கதைச்சிருக்க மாட்டன்" என்றாள். தேத்தண்ணி வைத்தாள். மேலே ஒரு விமானம் இறங்கியது. கோப்பை கிலுகிலுத்தது. இரண்டு பேரும் குனியவில்லை.

வேறு குரலில் அந்தப் பாடம் வெளிவந்துவிட்டது. கேட்டேன். அதிர்ஷ்டவசமாக, என்று அந்தப் பெண் தேன் மாதிரிப் படிக்கிறாள். அவள்மேல் குற்றமில்லை.

ஒரு நாட்டைக் கட்டும்போது சிலரை எண்ணாமல் விட்டார்கள். எங்களையும் யாரும் சரியாக எண்ணவில்லை. ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள், சிலர் அதுகூடச் சொல்வதில்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததை நானே எண்ணுகிறேன்.

அப்பா. சிவராசா. மண்வெட்டி பிடித்தால் பாடுவார். சுருதி சேராது.

தம்பி. கபிலன். ஒன்பது வயது. முன்பல் ஒன்று அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

நளாயினி. அவளுடைய அம்மா. அவளுடைய தங்கை. அவர்கள் இருந்த பங்கருக்கு நேர் மேலே ஷெல் விழுந்தது. மூன்று பேர்.

வாய்க்கால் ஓரம் நான் தாண்டி ஓடியவர்கள். பெயர் தெரியாது. பதினொரு பேர் வரை எண்ணினேன். பிறகு அம்மா என் கண்ணைப் பொத்தினாள். அதனால் இந்தத் தொகை குறைவு.

வீடு ஒன்று. கிணறு ஒன்று. தையல் மெஷின் ஒன்று. அவிழ்த்து விட்டு வந்த பசு ஒன்று, சினையாக இருந்தது. ஆறு பீப்பாய் நெல். இரண்டு கல்லறைகள், கட்டப்படாதவை.

இவை எங்களிடமிருந்து எடுக்கப்பட்டவை. வேலையை இதில் சேர்க்கவில்லை. அது நான் விட்டது.