லம்பா லைனுக்கு ஒரு பை

விடியாத நாலரை மணி... மெயின்லேண்டில் ஏர்போர்ட்டுக்குப் போகிற முதல் ரயில். பெட்டியில் ஒரே ஒரு ஆள். அவன் நம் பெனிட்டாவின் அண்ணன் டெர்வின். பெனிட்டா இங்கே போர்ட் பிளேரில் என்னோடு ஹேடோ ஜெட்டியில் வேலை பார்க்கிறவள், பொய் சொல்லத் தெரியாதவள். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்... ஷீபா, உன்னைச் சொல்லவில்லை. உட்கார். கரண்ட் வருகிறபோது வரட்டும்.

டெர்வினின் அப்பா சிலுவைராஜ் முந்தின நாள்தான் இறந்திருந்தார். இங்கே டாலிகஞ்ச் வீட்டில் ஐஸ் பெட்டியில் கிடத்தி, மகனுக்காகக் காத்திருந்தார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு அடக்கம். ஆறரை மணி ஃப்ளைட்டை விட்டால் அப்பா முகத்தைப் பார்க்க முடியாது.

பாதி வழியில் க்ர்ர்ர்க் என்றது. ரயில் நின்றது. லைட் போனது. எரிந்த வயர் நாற்றம். கோளாறு, பொறுத்திருக்கவும் என்றது ஸ்பீக்கர். பத்து நிமிடம்... இருபது நிமிடம்... அதே குரல், அதே பொறுத்திருக்கவும். கேட்கிறவனுக்குப் பற்றிக்கொண்டு வருமா வராதா? டெர்வின் கதவை ஓங்கி உதைத்தான். பிறகு போனை எடுத்து அம்மா அமுதத்திடம் அழுதான்.

"ரயில் நின்னுபோச்சும்மா. போர்ட் பிளேர் ஃப்ளைட் போயிரும் போல."

எதிர் சீட்டிலிருந்து ஒரு குரல்.

"போர்ட் பிளேரா தம்பி?"

எதிர் சீட்டில் யாரும் இருக்கவில்லை. ரயில் நின்றபோது அவன் பார்த்தான்... யாரும் இல்லை. இப்போது ஒரு பொம்பளை. இருட்டில் முகம் தெரியவில்லை. மடியில் துணிப்பை.

"எங்க வீடும் அங்கதான். லம்பா லைன், பச்சை கேட். இதைக் குடுத்துடுங்க."

நம் ஆட்களைத்தான் தெரியுமே. ஒருவன் தீவுக்குத் திரும்புகிறான் என்றால் போதும்... அக்காவுக்கு மருந்து, மச்சானுக்கு முறுக்கு, எல்லாம் அவன் தலையில். முகம் தெரியாதவர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம். எனக்கு இந்தப் பழக்கத்தைக் கண்டாலே ஆகாது.

டெர்வினும் அன்று மறுத்தான்.

"அப்பா செத்துக் கிடக்கார்க்கா. இன்னிக்கு முடியாது."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஐஸ் கட்டி பட்டது மாதிரி இருந்ததாம்.

"வாங்கலன்னா இந்த ரயில் நகராது."

வாங்கினான். என்ன செய்வான்?

"எங்க வீட்டு ஆள் கையிலதான் குடுக்கணும். நீ குடுக்கலன்னா... பை யார்கிட்ட இருக்கோ, அவங்க வந்து குடுத்தாகணும்."

லைட் வந்தது. ரயில் நகர்ந்தது. எதிர் சீட் காலி. கதவு திறக்கவே இல்லை.

ஏர்போர்ட்டில் ஓடினான். மெஷினில் பையைப் போட்டார்கள். ஒரு தேங்காய் கனம் இருந்தது பை. காவலர் திரையைப் பார்த்துவிட்டு, "காலி ஹை, ஜாவ்" என்று தள்ளிவிட்டார்.

நல்ல வேளை, ஃப்ளைட்டும் தாமதம்; இங்கே இறங்கும்போது பதினொன்றரை. லம்பா லைன் வழியாகத்தான் ஆட்டோ வந்தது. பச்சை கேட் கண்ணில் பட்டது. அதற்குள் அம்மாவின் போன்.

"எங்கய்யா இருக்க? சாமியார் வந்துட்டாரு. பெட்டிய மூடப் போறாங்க."

சாயங்காலம் வந்து கொடுக்கலாம் என்று நினைத்தான். நீயாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பாய்.

பெட்டியின் தலைமாட்டில் பையை வைத்தான். அப்பா மேல் விழுந்து அழுதான். அவனைப் பிடித்து எழுப்பினார்கள். ஜெபமாலை, ஜெபப் புத்தகம் எல்லாவற்றையும் அத்தை புஷ்பா பெட்டிக்குள் வைத்தாள். அந்தப் பையையும் வைத்தாள். மகன் அப்பாவுக்கு ஏதோ கொண்டுவந்திருக்கிறான் என்று அவள் நினைப்பு. மூடினார்கள்... டொக், டொக், டொக். ஆணி அடித்தாயிற்று.

சாயங்காலம் டெர்வின் பையைத் தேடினான். புஷ்பா விஷயத்தைச் சொன்னாள். காலிப் பைதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் காலை வாசலில் ஒரு ஆள். பெயர் அழகையா. லம்பா லைன், பச்சை கேட். மாலை போட்டிருந்த சிலுவைராஜின் போட்டோவைப் பார்த்ததும் கத்தினார்.

"இவர்தான்! எட்டு ராத்திரியா எங்க கேட்டுல நிக்கிறார். மூக்குல பஞ்சு, கையில பை. வாங்கிக்க, வாங்கிக்கன்னு நீட்டறார்."

"வாங்கிக்கோங்களேன்யா..." அமுதம் அழுதாள். "அவரு போயிருவாருல்ல."

"ஏர்போர்ட் ரயில்ல செத்துப்போன எங்க சித்தி குடுத்தனுப்புற பை அது. போன வருஷம் ஒருத்தன் இதே மாதிரிப் பை கொண்டு வந்தான். எங்க அண்ணன் கை நீட்டி வாங்கினார். மறுநாளே அவரைப் புதைச்சோம். இனி எங்க வீட்டுல ஒருத்தனும் கை நீட்ட மாட்டான். நூறு வருஷம் நின்னாலும் நிக்கட்டும். பஸ், போதும்!"

படியிறங்கிய அழகையா நின்றார். திரும்பினார். இந்த முறை குரல் தணிந்திருந்தது.

"அவர் ஏன் நடக்க மாட்டேங்கிறார்? கல்லறைத் தோட்டத்துலேர்ந்து எங்க கேட் வரைக்கும்... தொப்பு, தொப்புன்னு குதிச்சுக் குதிச்சே வர்றார்."

அமுதம் வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டி மூடுகிற அவசரத்தில், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணியை அவள் அவிழ்க்க மறந்திருந்தாள். அது அன்றுவரை அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.